200 ரூபாய் ஓடிஜி அடாப்டரும் 42,000 ரூபாய் இஎம்ஐயும்



போன வருஷம் பண்டிகை ஆஃபர் ஓடிட்டு இருந்த நேரம். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் என் சித்தி பொண்ணு போன் பண்ணினா. அப்போ அவ வேலைக்குச் சேர்ந்து ஏழு மாசம். பிடித்தம் எல்லாம் போக கையில வர்ற சம்பளம் 24,000 ரூபாய்.

"அண்ணா, ஒரு லேப்டாப் பார்த்து வச்சிருக்கேன். 42,000 ரூபாய். நோ-காஸ்ட் இஎம்ஐ, மாசம் 3,500 தான். இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணியோட ஆஃபர் முடியுது. எடுத்துடட்டுமா?"

இந்த மாதிரி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கிறது ஒரே கேள்விதான். "என்ன வேலைக்கு?"

"சாயந்திரம் ஆன்லைன்ல அக்கவுண்ட்ஸ் கோர்ஸ் சேர்ந்திருக்கேன். நோட்ஸ் டைப் பண்ணணும், எக்ஸெல் ஷீட் போடணும். போன்ல தட்டித் தட்டி கட்டை விரல் வலிக்குது அண்ணா."

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அவளுக்கு வலி டைப் பண்றதுலதான். கோர்ஸ் வீடியோ போன்லயே நல்லா ஓடுது. எக்ஸெலும் போன்லயே இருக்கு. இல்லாதது ஒரு கீபோர்டு. அதுவும் அவங்க வீட்டுலயே இருக்கு! சித்தப்பாவோட பழைய கம்ப்யூட்டர் போனதுக்கு அப்புறம் அந்த யூஎஸ்பி கீபோர்டு பரண்லதான் கிடக்கு.

"அதை எப்படிண்ணா போன்ல மாட்டுறது?"

இந்தக் கேள்வியிலதான் இந்தக் கட்டுரையே இருக்கு. 200 ரூபாய்க்குள்ள கிடைக்கிற ஒரு சின்ன சாமான் இருக்குன்னு தெரியாததால, சம்பளத்துல ஏழுல ஒரு பங்கை ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுக்க ஒரு பொண்ணு தயாரா இருந்தா. அவளைக் குறை சொல்லல. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. தெரிஞ்ச பிறகு அதை வச்சு நான் பண்ணின முட்டாள்தனத்தையும் கீழே சொல்றேன்.

என்னோட கருத்து இதுதான்: புதுசா ஒரு கருவி வாங்குறதுக்கு முன்னாடி, கையில இருக்கிற கருவியோட சார்ஜிங் துளை என்னவெல்லாம் செய்யும்னு தெரிஞ்சுக்கோங்க. அதுக்கு ஆகுற செலவு 200 ரூபாயும் அரை மணி நேரமும்.

ஓடிஜின்னா என்ன?

யூஎஸ்பியில எப்பவும் ஒரு பக்கம் எஜமான், இன்னொரு பக்கம் சொன்னதைச் செய்யற ஆள். கம்ப்யூட்டர் எஜமான். மவுஸ், கீபோர்டு, பென்டிரைவ், பிரிண்டர் எல்லாம் அது சொல்றதைக் கேட்கிறவை. போனை கம்ப்யூட்டர்ல மாட்டினா போனும் கேட்கிற பக்கம்தான்.

போன் மாதிரி கையடக்கக் கருவிகளும் தேவைப்பட்டா எஜமானா மாறலாம்னு 2001-ல் யூஎஸ்பி விதிகளோட ஒரு பகுதி சேர்த்தாங்க. அதுக்கு வச்ச பேர்தான் ஆன்-தி-கோ, சுருக்கமா ஓடிஜி. ஆண்ட்ராய்டுல 2011-ல் வந்த 3.1 பதிப்புல இருந்து இதுக்கான முறையான வசதி இருக்கு.

பழைய மைக்ரோ யூஎஸ்பி துளையில அஞ்சு ஊசி இருக்கும். அதுல ஒண்ணு, "நான் எஜமானா, இல்லையா?"ன்னு அடையாளம் சொல்றதுக்காகவே வச்சது. ஓடிஜி கேபிள்ல அந்த ஊசியை கிரவுண்டோட இணைச்சிருப்பாங்க. அதைப் பார்த்ததும் போன் எஜமானா மாறிடும். சாதாரண சார்ஜிங் கேபிளோட முனையை மட்டும் மாத்தி மாட்டினா வேலை செய்யாததுக்குக் காரணம் இதுதான். டைப்-சி துளையிலயும் இதே வேலையைச் செய்ய தனி ஊசிகள் இருக்கு. அடாப்டருக்குள்ள இருக்கிற ஒரு சின்ன ரெசிஸ்டர் அந்த ஊசி வழியா போனுக்குச் சேதி சொல்லும்.

ஐபோன் வச்சிருக்கிறவங்களுக்கு: பழைய லைட்னிங் துளைக்கு தனி அடாப்டர் வேணும். பென்டிரைவ் ஃபைல்களை நேரா திறக்கிற வசதி 2019-ல் ஐஓஎஸ் 13-ல் தான் வந்தது. 2023-ல் வந்த ஐபோன் 15-ல இருந்து டைப்-சி. அதனால இப்போ ஆண்ட்ராய்டுக்கு வாங்குற பெரும்பாலான அடாப்டர் அதுலயும் வேலை செய்யும்.

இது எங்கெல்லாம் காசை மிச்சம் பண்ணும்?

முதல்ல, நீங்க தினமும் பார்க்கிற ஒரு உதாரணம். ஊர்ல சின்னக் கடைகள்ல ஆதார் எண்ணைச் சொல்லி, விரல் ரேகை வச்சு, பேங்க் கணக்குல இருந்து பணம் எடுத்துக் கொடுக்கிறாங்க இல்லையா? அந்தக் கடைக்காரர் கையில என்ன இருக்குன்னு அடுத்த தடவை கவனிங்க. நிறைய இடத்துல ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன், அதோட கேபிள்ல இணைச்ச விரல் ரேகைக் கருவி, அவ்வளவுதான். அவர் லேப்டாப் வாங்கிப் போட்டுத் தொழில் பண்ணல. இருக்கிற போனை வச்சு சம்பாதிக்கிறார். நாம அதே மாதிரி போனை வச்சுக்கிட்டு ரீல்ஸ் பார்க்கிறோம்.

இனி நம்ம கதைக்கு வருவோம்.

டைப்பிங்: கீபோர்டு மாட்டினா ஈமெயில், ரெஸ்யூமே, நோட்ஸ் எல்லாம் வேகமா முடியும். ஒரே துளைதான் இருக்குன்னா மவுஸ் தேவையில்ல, அதுக்கு விரல் இருக்கு. ரெண்டும் வேணும்னா வயர்லெஸ் கீபோர்டு-மவுஸ் ஜோடியை ஒரே ரிசீவர்ல ஓட்டலாம்.

உடைஞ்ச டச்: இது ரொம்ப பேருக்குத் தெரியாது. போன் கீழ விழுந்து டிஸ்ப்ளே தெரியுது, டச் மட்டும் செத்துப் போச்சு. பேட்டர்ன் கூட போட முடியல. நிறைய போன்ல ஓடிஜி வழியா ஒரு மவுஸை மாட்டினா திரையில அம்புக்குறி வரும். அதை இழுத்து லாக்கைத் திறந்து, போட்டோ, காண்டாக்ட், பேங்க் ஆப் விவரம் எல்லாத்தையும் எடுத்துட்டு அப்புறம் சர்வீஸுக்குக் கொடுக்கலாம். என் போன் ஒரு தடவை இப்படி ஆனப்போ, "டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல"ன்னு ஒரு கையெழுத்து கேட்டாங்க. மவுஸ் வச்சு எல்லாத்தையும் எடுத்துட்டேன், அப்புறம் நிம்மதியா கையெழுத்துப் போட்டேன்.

ஸ்டோரேஜ்: "128 ஜிபி நிறைஞ்சிடுச்சு, 256 ஜிபி போனுக்கு மாறணும்"னு நினைக்கிறவங்க, முதல்ல வீடியோக்களை ஒரு பென்டிரைவுக்கு மாத்திப் பாருங்க. ஒரு முனையில டைப்-சி, மறு முனையில பழைய யூஎஸ்பின்னு ரெட்டை முனை பென்டிரைவே கிடைக்குது. அதுக்கு அடாப்டரே வேண்டாம்.

நெட்: பிஜி ரூம்ல வைஃபை திணறுது, ஆனா சுவர்ல லேன் கேபிள் வருதுன்னா, யூஎஸ்பி லேன் அடாப்டர் வழியா பல ஆண்ட்ராய்டு போன்ல நேரா நெட் எடுக்கலாம். வீடியோ இன்டர்வியூ நடுவுல கட் ஆகாம இருக்க நான் இதைப் பண்ணியிருக்கேன்.

என் கதை: 1,560 ரூபாய் மிச்சம் பண்ணி இழந்தது

இப்போ நான் சொன்ன முட்டாள்தனம்.

2021 ஜூன் 1-ஆம் தேதியோட கூகுள் போட்டோஸ்ல அளவில்லாத இலவச சேமிப்பு முடிஞ்சது. அதுக்கப்புறம் ஏத்துற எல்லாமே 15 ஜிபி கணக்குல சேரும். எனக்குச் சீக்கிரமே நிறைஞ்சிடுச்சு. மாசம் 130 ரூபாய் கட்டி 100 ஜிபி எடுத்தேன். வருஷத்துக்கு 1,560 ரூபாய்.

பெர்சனல் ஃபைனான்ஸ் பேசுற ஆளு இல்லையா நான்? "என் போட்டோவுக்கு நான் ஏன் வாடகை கட்டணும்?"னு ஒரு நாள் வீரம் வந்துச்சு. 800 ரூபாய்க்கு ஒரு 128 ஜிபி பென்டிரைவ், 60 ரூபாய்க்கு ஒரு ஓடிஜி. மூணு வருஷ போட்டோ, வீடியோ எல்லாத்தையும் மாத்தினேன். கிளவுட்ல இருந்ததையும் போன்ல இருந்ததையும் அழிச்சேன். சந்தாவை நிறுத்தினேன். அன்னைக்கு எனக்கு நானே தட்டிக் கொடுத்துக்கிட்டேன்.

எட்டு மாசம் கழிச்சு அந்த பென்டிரைவைப் போன்ல மாட்டினேன். "ஃபார்மேட் செய்யவா?"ன்னு கேட்டுச்சு. கம்ப்யூட்டர்ல மாட்டினாலும் அதே கேள்வி.

டேட்டா மீட்டுக் கொடுக்கிற ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனேன். 6,000 ரூபாய் ஆச்சு. பாதிகூட வரல. வராததுல எங்க பாட்டியோட கடைசிப் பொங்கல் இருந்தது. அடுப்புக்கு முன்னாடி உட்கார்ந்து, பானை பொங்கி வழியறப்போ அவங்க குலவை போட்ட ஒரு நாற்பது செகண்ட் வீடியோ. அம்மா இன்னைக்கும் எப்பவாவது கேட்பாங்க, "அந்த வீடியோ கிடைச்சுதாடா?"

தப்பு அடாப்டர் மேல இல்ல. ரெண்டு தப்பும் என்னோடது. ஒண்ணு, காப்பி முடிஞ்ச மாதிரி தெரிஞ்சதும் 'எஜெக்ட்' கொடுக்காம பல தடவை பிடுங்கியிருக்கேன். எழுதி முடிக்கிறதுக்குள்ள பிடுங்கினா பென்டிரைவோட கணக்குப் பட்டியலே கெட்டுப் போகலாம். ரெண்டாவது, ஒரே ஒரு பிரதி. ஒரே இடத்துல இருக்கிறது பேக்கப் கிடையாது. அது வெறும் இடமாற்றம்.

அவசரத்துக்குன்னு வச்ச பணம் மொத்தத்தையும் ஒரே ஷேர்ல போடாதீங்கன்னு வீடியோவுக்கு வீடியோ சொல்றவன், வீட்டு நினைவுகள் மொத்தத்தையும் ஒரு 800 ரூபாய் பிளாஸ்டிக்ல போட்டேன்.

இப்போ என் வழக்கம் இது: முக்கியமான போட்டோ கிளவுட்ல ஒண்ணு, வீட்டு பென்டிரைவ்ல ஒண்ணு. பெரிய வீடியோக்கள் ரெண்டு தனித்தனி பென்டிரைவ்ல, ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு ஊர்ல அம்மாகிட்ட. மாசம் 130 ரூபாய் மறுபடியும் கட்டுறேன், மனசு நிறைஞ்சு கட்டுறேன். ஓடிஜி மிச்சம் பண்ணிக் கொடுத்தது 256 ஜிபி போனுக்கு ஆகியிருக்க வேண்டிய கூடுதல் காசை. கிளவுட் வாடகையைக் கழிக்க அதைப் பயன்படுத்தினது என் பேராசை.

காசு வீணாகுற அஞ்சு இடம்

அடாப்டர் வாங்குங்கன்னு சொல்லிட்டு இதைச் சொல்லாம விட்டா அது பாதி உண்மைதான். சின்ன விலைன்னு யோசிக்காம வாங்கி, வேலை செய்யாம டிராயர்ல போட்டு வச்ச அடாப்டர் உங்க வீட்டுலயும் ரெண்டு இருக்கும்.

ஒண்ணு, டிவியில மாட்டுற ஹெச்டிஎம்ஐ அடாப்டர். துளை டைப்-சியா இருந்தா மட்டும் போதாது. அந்தத் துளை வழியா படத்தை வெளியே அனுப்புற வசதி போனுக்குள்ள இருக்கணும். நிறைய பட்ஜெட் போன்ல அது கிடையாது. சாம்சங் 2017-ல் கேலக்ஸி எஸ்8 கூட டெக்ஸ்னு ஒரு வசதி கொண்டு வந்தது. மானிட்டர்ல மாட்டினா போனே கம்ப்யூட்டர் மாதிரி விரியும். கூகுள் பிக்சல் 8 போன்ல இந்தப் பட வெளியீடு 2024-ல் ஒரு அப்டேட்லதான் திறந்தது. உங்க மாடலோட விவரப் பக்கத்துல 'டிஸ்ப்ளேபோர்ட்' அல்லது 'வீடியோ அவுட்' இருக்கான்னு பார்க்காம இந்த அடாப்டருக்கு ஒரு ரூபாய்கூட கொடுக்காதீங்க.

ரெண்டு, ஹெட்போன் அடாப்டர். "99 ரூபாய் அடாப்டர் வாங்கினேன், சத்தமே வரல"ங்கிறது அடிக்கடி கேட்கிற புலம்பல். இதுல ரெண்டு ரகம். சில போன்கள் டைப்-சி துளை வழியா நேரா ஒலியை அனுப்பும். அதுக்கு உள்ளே வெறும் ஒயர் இருக்கிற அடாப்டர் போதும். மத்த போன்கள் டிஜிட்டலாதான் அனுப்பும். அதை ஒலியா மாத்துற 'டாக்' சிப் அடாப்டருக்குள்ள இருக்கணும். எது வேணும்னு தெரியலைன்னா டாக் உள்ளதையே வாங்குங்க, அது பெரும்பாலும் ரெண்டு வகைப் போன்லயும் வேலை செய்யும்.

மூணு, வேகத்துக்குக் கொடுக்கிற கூடுதல் காசு. டைப்-சிங்கிறது துளையோட வடிவம் மட்டும்தான், வேகம் வேற. ஐபோன் 15 சாதாரண மாடல்ல துளை டைப்-சி, ஆனா வேகம் பழைய யூஎஸ்பி 2 வேகம், நொடிக்கு 480 மெகாபிட். அதே வருஷம் வந்த 15 ப்ரோவுல 10 ஜிகாபிட் வரை. பல நடுத்தர ஆண்ட்ராய்டு போன்களும் யூஎஸ்பி 2 தான். இந்த வேகத்துல நடைமுறையில நொடிக்கு 30 எம்பி அளவுதான் வரும். 50 ஜிபி காப்பி ஆக கிட்டத்தட்ட அரை மணி நேரம். உங்க போன் யூஎஸ்பி 2-ன்னா, 2,500 ரூபாய் வேக ஹப் வாங்கினாலும் அதே அரை மணி நேரம்தான்.

நாலு, கரண்ட். போன் தன் பேட்டரியில இருந்துதான் மாட்டின சாமானுக்கு மின்சாரம் கொடுக்கணும். டைப்-சி ஐபோன் கொடுக்கிறது அதிகபட்சம் 4.5 வாட். பென்டிரைவ், கீபோர்டுக்கு இது தாராளம். உள்ளே தட்டு சுழலுற பழைய ஹார்டு டிஸ்க் பல நேரம் 'டிக் டிக்'னு முனகிட்டு நிக்கும். அதுக்கு சார்ஜரையும் சேர்த்து மாட்டுற துளை இருக்கிற ஹப் வேணும். தினமும் ரெண்டு மணி நேரம் கீபோர்டு வச்சு வேலை பார்க்கிறவங்களுக்கும் அந்த ஹப்தான் சரி. இல்லைன்னா டைப் பண்ணி முடிக்கிறப்போ பேட்டரி காலியா இருக்கும்.

அஞ்சு, கேபிள். சில மலிவு கேபிளுக்குள்ள சார்ஜுக்கான ரெண்டு ஒயர் மட்டும்தான் இருக்கும், டேட்டா ஒயரே இருக்காது. வெளியே பார்த்தா வித்தியாசம் தெரியாது. பிரிண்டர், ஹார்டு டிஸ்க்னு எதை மாட்ட வாங்கினாலும், "டேட்டா போகுமாண்ணா?"ன்னு கடையிலயே கேட்டு, அங்கேயே மாட்டிப் பார்த்து வாங்குங்க.

மலிவு எந்த எல்லை வரைக்கும்?

கூகுள்ல இன்ஜினியரா இருந்த பென்சன் லியுங் 2015-ல் ஒரு வேலை பண்ணினார். ஆன்லைன்ல விக்கிற டைப்-சி கேபிள்களைத் தானே வாங்கிச் சோதிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ரிவ்யூ எழுத ஆரம்பிச்சார். பழைய யூஎஸ்பி முனையில இருந்து டைப்-சிக்குப் போற கேபிளுக்குள்ள 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கணும்ங்கிறது விதி. பல கேபிள்ல தப்பான ரெசிஸ்டர் இருந்தது. அதனால என்ன ஆகும்? அந்தப் பக்கம் இருக்கிறது சின்ன சார்ஜரா இருந்தாலும், "3 ஆம்பியர் வரும், எடுத்துக்கோ"ன்னு கேபிள் போனுக்குப் பொய் சொல்லும். போன் இழுக்கும், சார்ஜரோ கம்ப்யூட்டர் துளையோ சூடாகும், கெட்டும் போகலாம். 2016 பிப்ரவரியில ஒரு கேபிள்ல ஒயரே மாத்தி இணைச்சிருந்தது. அதை மாட்டினதுல அவரோட லேப்டாப்பே பாழாச்சு.

ஒரு சில ரூபாய் ரெசிஸ்டர், ஒரு ஒயர் மாறினது, அதுக்குப் பலி ஒரு லேப்டாப். அதனால என் விதி இப்படி: கீபோர்டு, மவுஸ் மாட்ட வாங்குற ஓடிஜி முனைக்கு 150-200 ரூபாய் போதும். மின்சாரம் பாயுற சாமான், அதாவது சார்ஜிங் கேபிள், சார்ஜரோட சேர்த்து மாட்டுற ஹப், இதுல எல்லாம் கம்பெனி பேர், பில், வாரன்டி மூணும் இருக்கணும். 15,000 ரூபாய் போனைக் காப்பாத்த கூட 300 ரூபாய் கொடுக்கிறது இன்சூரன்ஸ் மாதிரி. சென்னையில இருக்கிறவங்க ரிச்சி தெருவுல போய் மாட்டிப் பார்த்து வாங்கலாம். அங்கயும் பில் கேளுங்க.

வாங்குறதுக்கு முன்னாடி நாலு சோதனை

முதல்ல உங்க போன்ல ஓடிஜி இருக்கான்னு பாருங்க. ஆபீஸ்ல யார்கிட்டயாவது ஒரு ஓடிஜி இருக்கும், ஒரு நிமிஷம் கடன் வாங்கி மாட்டிப் பாருங்க. இதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

ரெண்டாவது, செட்டிங்ஸ். ஓப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்கள் பலதுல 'ஓடிஜி'ன்னு ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆன் பண்ணணும். கொஞ்ச நேரம் எதுவும் மாட்டாம இருந்தா அதுவே ஆஃப் ஆகிடும். இது தெரியாம அடாப்டர் பழுதுன்னு திருப்பி அனுப்பினவங்க நிறைய பேர்.

மூணாவது, பென்டிரைவோட ஃபார்மேட். ஃபேட்32-ன்னா 4 ஜிபிக்கு மேல இருக்கிற ஒரே ஃபைல் ஏறாது. கல்யாண வீடியோ பாதியில நிக்கிறதுக்கு இதுதான் காரணமா இருக்கும். எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டை உங்க போன் ஏத்துக்குதான்னு ஒரு சின்ன ஃபைல் போட்டுப் பார்த்துட்டு மாத்துங்க.

நாலாவது, எந்தத் துளைக்கு வாங்குறீங்க? ஐரோப்பிய ஒன்றியத்துல 2024 டிசம்பர் 28-ல இருந்து புதுசா விக்கிற போன், டேப்லெட்டுக்கு டைப்-சி கட்டாயம். நம்ம நாட்டுலயும் பிஐஎஸ் 2023 ஜனவரியில டைப்-சிக்கான இந்தியத் தரத்தை வெளியிட்டிருக்கு. அதனால டைப்-சியில வாங்குற நல்ல அடாப்டர் அடுத்த போனுக்கும் வரும், நாளைக்கு வாங்கப் போற லேப்டாப்புக்கும் வரும். சீக்கிரம் போன் மாத்தப் போறீங்கன்னா, மைக்ரோ யூஎஸ்பிக்கோ லைட்னிங்குக்கோ இப்போ பெரிய காசு போடாதீங்க.

அப்போ லேப்டாப்பே வேண்டாமா?

அப்படிச் சொல்லவே இல்ல. புரோகிராமிங் படிக்கிறவங்க, டேலி மாதிரி கம்ப்யூட்டர்லயே ஓடுற சாஃப்ட்வேர் வேணுங்கிறவங்க, பெரிய வீடியோ எடிட் பண்றவங்க, போனை வச்சு ஒப்பேத்தாதீங்க. கருவி சம்பாதிச்சுக் கொடுக்கும்னா அது முதலீடு, தாராளமா வாங்குங்க. கண்ணையும் கழுத்தையும் கெடுத்துக்கிட்டு ஆறு அங்குலத் திரையில வருஷக்கணக்கா வேலை பார்க்கிறது சிக்கனம் கிடையாது.

நான் எதிர்க்கிறது, தேவை என்னன்னு தெரியறதுக்கு முன்னாடியே இஎம்ஐ போடுறதைத்தான். அந்த நோ-காஸ்ட் இஎம்ஐ கணக்கையும் பார்த்துடுவோம். 12 மாசம், மாசம் 3,500. வட்டி 15 சதவீதம்னு வச்சுக்கிட்டா, கிரெடிட் கார்டு கணக்குல அசல் சுமார் 38,780 ரூபாய், மீதி 3,220 ரூபாய் வட்டி. அந்த வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி கொடுத்து ஈடு கட்டுறாங்க. சரி. ஆனா வட்டி மேல வர்ற 18 சதவீத ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 580 ரூபாய், உங்க தலையில. பிராசசிங் ஃபீஸ் 199 ரூபாய்னா அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. மொத்தம் 815 ரூபாய். 'நோ-காஸ்ட்'டோட காஸ்ட் இது. இந்தக் காசுக்கு ஓடிஜி அடாப்டர் நாலு வாங்கலாம்!

815 ரூபாய்கூடப் பெரிய விஷயம் இல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்துல, அவசர நிதின்னு ஒண்ணு சேர்க்க ஆரம்பிக்கிற நேரத்துல, மாசம் 3,500 கட்டாயச் செலவு உட்கார்ந்துக்குது பாருங்க, அதுதான் பெரிய விஷயம்.

என் தங்கச்சி அன்னைக்கு ராத்திரி ஆஃபரை விட்டுட்டா. மறுநாள் 180 ரூபாய்க்கு ஒரு டைப்-சி ஓடிஜி, போனை நிறுத்தி வைக்க 150 ரூபாய்க்கு ஒரு ஸ்டாண்டு. கீபோர்டுல எட்டுக்கால்பூச்சிக் கூட்டைத் தட்டிட்டு வேலையை ஆரம்பிச்சா. அந்த 3,500 ரூபாயை ஆர்டியில போடச் சொன்னேன். இப்போ எட்டு மாசம் ஆச்சு, 28,000 சேர்ந்திருக்கு, வட்டி தனி.

போன வாரம் மறுபடியும் கூப்பிட்டா. கோர்ஸ்ல அடுத்த கட்டம் டேலியாம். "இப்போ லேப்டாப் வேணும் அண்ணா. ஆனா அந்த 42,000 மாடல் தேவையில்ல. கேம் எல்லாம் நான் ஆடப்போறதில்ல, தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். சும்மா ரேம் கொஞ்சம் நல்லா இருந்தா போதும். 34,000-க்கு ஒண்ணு பார்த்திருக்கேன். ஆர்டி இன்னும் ரெண்டு மாசத்துல 35,000 வந்துடும், அப்போ வாங்கிக்கிறேன்."

என்கிட்ட அவ எதுவும் கேட்கல. தகவல் சொல்றதுக்குத்தான் கூப்பிட்டிருக்கா. எனக்கு அதைவிட சந்தோஷம் வேற இல்ல.

உங்க வீட்டுப் பரண்ல, டிராயர்ல இருக்கிற பழைய கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ் எல்லாத்தையும் இந்த ஞாயித்துக்கிழமை எடுத்து ஒரு தடவை போன்ல மாட்டிப் பாருங்க. எது வேலை செஞ்சது, எது செய்யலைன்னு கீழே எழுதுங்க. சேனல்ல அடுத்த வீடியோவுல, மேல சொன்ன அஞ்சு ரக அடாப்டரையும் மாட்டியே காட்டுறேன்.

அப்புறம், அப்பா அம்மா, தாத்தா பாட்டி இருக்கிற வீடியோ எதையாவது ஒரே இடத்துல வச்சிருந்தீங்கன்னா, இந்தப் பக்கத்தை மூடுறதுக்கு முன்னாடி இன்னொரு பிரதி எடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் வேண்டாம். இன்னைக்கே.